ஷிகோகுவின் 88 கோயில்களைத் தனியே நடந்து சுற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஷிகோகு தீவை நடந்தே சுற்றி வந்த பிறகு, நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாம்பையும் தனிமையையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பாதங்களையும் மாலை ஐந்து மணியையும் பற்றி யாரும் கேட்பதில்லை. பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் பின்னவைதாம் என்பதால், அவற்றுக்குச் சற்று அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஷிகோகு எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன யாத்திரை?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. ஒசாகாவுக்குத் தென்மேற்கே, ஒரு பக்கம் உள்நாட்டுக் கடலும் மறுபக்கம் பசிபிக் பெருங்கடலுமாக அமைந்திருக்கிறது. தொகுஷிமா, கோச்சி, எஹிமே, ககாவா ஆகிய நான்கு மாகாணங்களிலும் பரவிக் கிடக்கும் 88 பௌத்தக் கோயில்களை வரிசையாகத் தரிசித்துத் தீவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதே இந்த யாத்திரை. நடப்பவரை அங்கே ‘ஹென்ரோ’ என்கிறார்கள்.

இந்தப் பாதை கூகாய் என்ற துறவியின் நினைவைப் பின்தொடர்வது. இவர் 774-இல் இதே தீவில், இன்று 75-ஆம் கோயிலான ஜென்ட்சூஜி இருக்கும் இடத்தில் பிறந்தவர்; 804-இல் சீனா சென்று மந்திர வழிப் பௌத்தத்தைக் கற்றுவந்து, ஷிங்கோன் என்னும் பிரிவை ஜப்பானில் நிறுவினார். மக்கள் இவரைக் கோபோ தைஷி என்று வணங்குகிறார்கள். நமக்கும் இதில் ஓர் இழை உண்டு. ஷிங்கோன் மரபு தன் எட்டுக் குருமார்களுள் ஒருவராகப் போற்றும் வஜ்ரபோதி, பல்லவர் காலத்துக் காஞ்சியில் இருந்துவிட்டுக் கடல்வழியே சீனா சென்றவர். அந்த எண்மரின் ஓவியங்கள் மாட்டியிருக்கும் ஒரு கோயில் மண்டபத்தில் நின்று இதை நினைத்துக்கொண்டபோது, அவ்வளவு தொலைவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? எத்தனை நாளாகும்?

சுமார் 1,200 கிலோமீட்டர். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் 40 முதல் 50 நாட்களில் முடிக்கிறார்கள். நிதானமாக நடப்பவர்களுக்கு 60 நாட்கள்கூட ஆகும். நாளுக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, ஓய்வுக்கும் புயலுக்கும் கால்வலிக்கும் ஒரு வாரத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில்களுக்கு இடையிலான தூரம் சீரானதன்று. தொகுஷிமாவின் முதல் பத்துக் கோயில்கள் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருப்பதால், இரண்டே நாளில் இது எளிய காரியம் என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு 23-ஆம் கோயிலான யாக்குஓஜியிலிருந்து முரோத்தோ முனையிலுள்ள 24-ஆம் கோயிலுக்குச் சுமார் 75 கிலோமீட்டர், 37-ஆம் கோயிலிலிருந்து அஷிசூரி முனையிலுள்ள 38-ஆம் கோயிலுக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல். இந்த நாட்களில் ஒரு கோயிலையும் பார்க்காமல், கடலை மட்டுமே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். முதல் வாரத்து உற்சாகத்தை வைத்து முழுப் பயணத்தையும் திட்டமிடாதீர்கள்.

எந்த மாதம் போனால் நல்லது?

மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். மார்ச் இறுதியில் செர்ரிப் பூக்கள் மலரத் தொடங்கும். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கம் நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களையும் வாட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல்கள் வரும். ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை என்பதால், அந்த நாட்களுக்கு மட்டும் தங்குமிடங்களை வெகுமுன்பே பதிவுசெய்துவிட வேண்டும்.

விசா கிடைக்குமா? இரண்டு மாதம் நடக்கப் போகிறேன் என்றால் சந்தேகப்பட மாட்டார்களா?

கிடைக்கும். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்கள் சுற்றுலாவுக்காக 2024 ஏப்ரல் முதல் மின்விசா பெறலாம். ஒருமுறை நுழைந்து அதிகபட்சம் 90 நாட்கள் தங்கும் வகை அது. எத்தனை நாள் தருவது என்பது ஜப்பானிய அதிகாரிகளின் முடிவு. ஆகவே நாள்வாரித் திட்டத்தில் ‘ஷிகோகு சுற்றுலா’ என்று பொதுவாக எழுதாமல், எந்த நாள் எந்தக் கோயில், எந்த ஊரில் இரவு என்பதை வரிசையாக எழுதிக்கொடுங்கள். இந்த யாத்திரையை அறியாத ஜப்பானியர் இல்லை. காரணம் தெளிவாக இருந்தால் நீண்ட நாட்களைக் கேட்பது விந்தையாகப் படாது. விமான நிலையத்தில் மின்விசாவை இணைய இணைப்புடன் கைப்பேசியிலேயே திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளோ திரைப்பிடிப்போ ஏற்கப்படாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் விசா தேவை. சிங்கப்பூரர்களும், மின்னணுக் கடவுச்சீட்டுள்ள மலேசியர்களும் குறுகிய காலத்துக்கு விசா இல்லாமலே போகலாம்.

மருந்துப் பையையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்லக் கூடாது. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையானாலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் கொண்டுசெல்ல முன்அனுமதி வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இரண்டு மாதப் பயணம் என்பதால், இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்? கார்டு மட்டும் எடுத்துப் போனால் போதுமா?

இரவு உணவும் காலை உணவும் சேர்த்துத் தரும் எளிய விடுதிகள் ஓரிரவுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 10,000 யென் வரை வாங்குகின்றன. மதிய உணவு, சலவை, கோயில் முத்திரைகள் எல்லாம் சேர்ந்தால், 50 நாட்களுக்கு விமானக் கட்டணம் நீங்கலாக 5 லட்சம் யென்னாவது வைத்துக்கொள்ள வேண்டும். இலவசக் குடில்களிலும் கூடாரத்திலும் தங்குபவர்கள் இதில் பாதியிலும் முடிக்கிறார்கள்.

கார்டு மட்டும் போதாது. கோயில்களும் சிறு விடுதிகளும் பெரும்பாலும் ரொக்கத்தையே வாங்குகின்றன. செவன்-இலெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும். ஆனால் கோச்சியின் கடற்கரை நெடுகிலும் நாள் முழுக்க நடந்தாலும் அப்படி ஒன்றைப் பார்க்காமல் போகலாம். 40,000 யென்னுக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும். அதை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம்.

நான் இந்து. என் தோழி கிறித்தவர். நாங்கள் போகலாமா? அந்த வெள்ளை உடை கட்டாயமா?

யாரும் போகலாம், யாரும் மதத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு தலத்திலும் மூலக்கோயில் ஒன்று, கோபோ தைஷிக்கான மண்டபம் ஒன்று என இரண்டு சன்னிதிகள் உண்டு. மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் ஏற்றி, பெயரெழுதிய சீட்டைப் பெட்டியில் இட்டு, இதய சூத்திரம் என்னும் சிறிய பௌத்தப் பாடத்தை ஓதுவது வழக்கம். ஓதத் தெரியாதவர்கள் கைகூப்பி நின்றாலே போதும். பிறர் ஓதும்போது குறுக்கே நடக்காமல் இருந்தால் அதுவே பெரிய மரியாதை.

வெள்ளைச் சட்டையும் கூம்புத் தொப்பியும் கைத்தடியும் கட்டாயமல்ல. இவை சாவோடு தொடர்புடையவை: முற்காலத்தில் வழியிலேயே இறந்த யாத்திரிகர்கள் பலர், வெள்ளைச் சட்டை சவத்துணியாகவும், தடி கல்லறைக் குறியாகவும் கருதப்பட்டன. இதைக் கேட்டுச் சிலர் தயங்குகிறார்கள். ஆனாலும் குறைந்தது தொப்பியும் தடியும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். தொப்பி மழைக்கும் வெயிலுக்கும் குடையை மிஞ்சும். தடி இறக்கங்களில் முழங்காலைக் காக்கும். இவற்றோடு ஒருவரைப் பார்த்தவுடன் ஊர்மக்களுக்கு அவர் யார், எங்கே போகிறார் என்பது புரிந்துவிடும். முதல் கோயிலான ரியோசென்ஜியிலேயே எல்லாம் விற்கிறார்கள். பாலத்தின் மேல் நடக்கும்போது மட்டும் தடியை ஊன்றக் கூடாது. எஹிமேயின் ஓசு நகரில் ஒரு பாலத்தடியில் கோபோ தைஷி குளிரில் இரவைக் கழித்தார் என்பது கதை. அவருடைய தூக்கத்தைக் கலைக்கக் கூடாதென்று இன்றும் எல்லோரும் தடியைத் தூக்கிப் பிடித்தபடியே பாலங்களைக் கடக்கிறார்கள்.

ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியும் பத்துப் பன்னிரண்டு சொற்களும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். அதற்கு மேல் ஒன்று செய்யுங்கள்: உங்கள் ஊர், நடக்கும் காரணம், சாப்பிடாதவை, இரத்தவகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, நெகிழி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் கைப்பேசித் திரை விரலுக்கு மசியாத நேரத்தில் அந்தத் தாள்தான் பேசும்.

எங்கே தங்குவது? எல்லா நாளுக்கும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டுமா?

முதல் மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் ஊரிலிருந்தே பதிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகு உங்கள் நடை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டொரு நாள் முன்னதாகப் பதிவுசெய்தால் போதும். ‘மின்ஷுக்கு’ எனப்படும் குடும்ப விடுதிகள் பலவற்றுக்குத் தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும். மொழி தெரியாதவர்கள் அன்று தங்கியிருக்கும் விடுதிக்காரரிடம் வரைபடத்தைக் காட்டி அடுத்த இரவுக்கான ஊரைச் சுட்டினால், அவரே அங்கே பேசி இடம் பிடித்துத் தருவார். சில கோயில்களிலும் தங்கும் அறைகள் உண்டு.

வர முடியாமல் போனால் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். இரவு உணவை உங்களுக்காகவே சமைத்துவிட்டு, ஆறு மணிக்கு மேலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எழுபது வயதுப் பாட்டிகள் நடத்தும் விடுதிகள் இவை. சொல்லாமல் ஒருவர் வராமற்போவதால் அடுத்து வரும் வெளிநாட்டவர் அனைவருக்கும் கதவு கொஞ்சம் சாத்தப்படுகிறது.

உண்மையில் என்ன அசம்பாவிதம்தான் நடக்கும்? சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.

பாதம். பாதியில் திரும்புகிறவர்களில் பலரைத் திருப்பி அனுப்புவது கொப்புளமும் முழங்கால் வலியும்தான். பாதையின் பெரும்பகுதி மண்பாதையன்று, தார்ச்சாலை. தார்ச்சாலை ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் அழுத்துகிறது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் வழக்கத்தைவிட அரை அளவாவது பெரிய காலணி வேண்டும். அதைப் புறப்படுவதற்கு முன்பே பல வாரங்கள் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். விரல்களைத் தனித்தனியே மூடும் ஐவிரல் காலுறைகள் ஜப்பானில் எங்கும் கிடைக்கும். விரலிடுக்குக் கொப்புளத்துக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியாது. மணிக்கொரு முறை காலணியையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடுங்கள். ஓர் இடம் சூடாக உறுத்தத் தொடங்கியவுடனே நின்று ஒட்டுத்துணி போட வேண்டும். அடுத்த கோயில் வரட்டும் என்று நடந்தால் அங்கே போய்ச் சேரும்போது தோல் உரிந்திருக்கும்.

சுமைதான் அடுத்த காரணம். தண்ணீர் நீங்கலாக ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். நாணயம் போட்டு இயக்கும் சலவை இயந்திரம் ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் இருப்பதால் இரண்டு ஜோடி உடை போதும். கூடுதலாக வந்துவிட்ட பொருளை எந்தச் சிறு கடையிலிருந்தும் பொதிசேவையில் முன்னே உள்ள விடுதிக்கு அனுப்பிவிடலாம். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் வெளிநாட்டவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110.

சுத்த சைவம் நான். மீன் வாசனையே ஆகாது. பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். ஜப்பானில் காய்கறிக் குழம்பென்று தருவதிலும் சூரை மீன் சீவலில் எடுத்த ‘தஷி’ என்னும் சாறு இருக்கும். ககாவா மாகாணத்தின் பெருமையான உதோன் நூடுல்ஸில் நெத்திலி போன்ற சிறு மீன்களின் சாறு. ‘மீனும் இறைச்சியும் வேண்டாம்’ என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றைத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். எனவே மேலே சொன்ன அச்சிட்ட தாளில் ‘மீன் சாறும் வேண்டாம்’ என்று தனியாக ஒரு வரி இருக்கட்டும்.

இடம் பிடிக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால், சோறு, ஊறுகாய், தோஃபு, பொரித்த காய்கறி என்று ஏதேனும் செய்துதருவார்கள். கோயில் விடுதிகளில் துறவியர் முறைச் சைவ உணவு கேட்டுப் பெறலாம். ஆனால் எல்லாக் கோயில்களும் அதைத் தருவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பகலில் சிறு கடைகளில் உப்பிட்ட ஊமே பழம் வைத்த சோற்றுருண்டை, வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடி ஒரு பொட்டலம் எடுத்துப்போங்கள். வெறுஞ்சோறு எங்கும் கிடைக்கும் நாட்டில், ஒரு கரண்டிப் பருப்புப்பொடி ஒரு மாலையையே மாற்றிவிடும்.

பாம்பு, கரடி எல்லாம் உண்டாமே?

‘மாமுஷி’ என்னும் விரியன் இனப் பாம்பு உண்டு. புல் மண்டிய ஓரங்களில் தடியைத் தட்டிக்கொண்டே நடந்தால் விலகிப்போகும். ஷிகோகுவில் கரடிகள் மிகச் சொற்பம். அவையும் பாதையிலிருந்து விலகிய ட்சுருகி மலைப்பகுதியில்தான் இருக்கின்றன. இலையுதிர் காலத்துப் பெருங்குளவிகளும், கடும் காய்ச்சலைப் பரப்பக்கூடிய உண்ணிகளும் இவற்றைவிடக் கவனத்துக்குரியவை. முழுக்காற்சட்டை அணியுங்கள், மாலையில் குளிக்கும்போது உடலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தந்தவை சுரங்கச் சாலைகள். மலையைக் குடைந்த சில சாலைகளில் நடைமேடை ஒரு முழம்கூட இருக்காது; லாரிகள் உரசுவதுபோலக் கடக்கும். முதுகுப்பையிலும் கையிலும் ஒளியை எதிரொளிக்கும் பட்டைகளைக் கட்டி, விளக்கை எரியவிட்டு நடக்க வேண்டும். ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுவதால், நடைமேடை இல்லாத இடங்களில் வலப்பக்கம் நடந்தால் எதிரே வருவது கண்ணில் படும்.

பசிபிக் கரையில் இன்னொன்று. கோச்சி கடற்கரை பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் எதிர்பார்க்கப்படும் பகுதி. 1946-இல் அங்கே அப்படி நடந்திருக்கிறது. பாதை கடந்துபோகும் குரோஷியோ என்னும் சிற்றூரில் அலை 34 மீட்டர் வரை எழக்கூடும் என்று அரசே மதிப்பிட்டு, தப்பியேறும் கோபுரங்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். புதிய ஊருக்குள் நுழைந்ததும் மேட்டுக்குப் போகும் வழிகாட்டிப் பலகை எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலமாக நிலம் ஆடினால் யாருக்கும் காத்திராமல் மேடேறுங்கள்.

மலையேற்றம் கடினமா? என் வயது ஐம்பத்தெட்டு.

வயது தடையில்லை, உங்களைவிட மூத்தவர்கள் பலர் உங்களைக் கடந்துபோவார்கள். கடினமான நாள் மிக முன்னதாகவே வந்துவிடுவதுதான் சிக்கல். 11-ஆம் கோயிலான ஃபுஜிஇதேராவிலிருந்து 12-ஆம் கோயிலான ஷோசான்ஜிக்கு மலைவழியே சுமார் 13 கிலோமீட்டர்; ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, 700 மீட்டர் உயரத்தை அடைய வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரமாகும்; இடையில் கடை எதுவும் இல்லை. அதிகாலையில் புறப்பட்டு, உணவையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். ஏறும் வழியில் ஒரு படிக்கட்டின் மேலே, பெருத்த தேவதாரு மரத்தின் முன்னால் கோபோ தைஷியின் பெரிய சிலை திடீரென்று தெரியும். அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். மிக உயரமான கோயில் 66-ஆவதான உன்பென்ஜி, 900 மீட்டருக்கும் மேல். அதற்குள் கால்கள் பழகியிருக்கும். முடியாதவர்களுக்குக் கம்பிவட வண்டியும் உண்டு.

முத்திரைப் புத்தகம் என்கிறார்களே, அது என்ன? தாமதமாகப் போனால் கிடைக்காதா?

ஒவ்வொரு கோயிலிலும் உங்கள் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் கோயிலின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் தூரிகையால் எழுதி, மூன்று சிவப்பு முத்திரைகளைப் பதித்துத் தருவார்கள். இதற்குக் கட்டணம் 500 யென்; 300-ஆக இருந்தது 2024-இல் உயர்ந்தது. அந்த அலுவலகம் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். கோயில் வளாகம் திறந்தே இருக்கலாம்; ஆனால் ஐந்தடித்துவிட்டால் தூரிகை கீழே வைக்கப்பட்டுவிடும்.

யாத்திரையின் மனச்சோர்வுகளில் பாதி இந்த ஐந்து மணியால் வருபவை. இருபது கிலோமீட்டர் நடந்து ஐந்து ஐந்துக்கு வந்து நிற்பவர், மறுநாள் எட்டு மணி வரை அங்கேயே தங்கவும் முடியாது, முத்திரையில்லாமல் நகரவும் மனம் வராது. நாளின் கடைசிக் கோயிலை நான்கு மணிக்கே அடைவதாகக் கணக்கிடுங்கள். வந்தவுடன் முத்திரைக்கு ஓடாமல், முதலில் வணங்கிவிட்டுப் பிறகு புத்தகத்தை நீட்டுவதுதான் முறை. நேரம் மிகக் குறுகிவிட்டால் மட்டும் அனுமதி கேட்டு வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஈர மை அடுத்த பக்கத்தில் ஒட்டாமலிருக்க வைக்கும் தாளை எடுக்காதீர்கள். புத்தகத்தை நீர் புகாத பையில், கடவுச்சீட்டோடு வையுங்கள்; வெளிநாட்டுப் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம்.

முன்பின் தெரியாதவர்கள் பணமும் பழமும் கொடுப்பார்களாம். வாங்கலாமா? கூச்சமாக இருக்காதா?

வாங்க வேண்டும். இதன் பெயர் ‘ஒசெத்தாய்’. நம் ஊரில் பாதயாத்திரை போவோருக்கு வழியில் நீர்மோர்ப் பந்தல் போடுவதை ஒத்தது. ஆனால் பந்தல் இல்லாமல், திருவிழா நாளில்லாமல், எந்த வளைவிலும் ஒரு தனி மனிதர் உங்களை நிறுத்திக் கொடுப்பார். ஆரஞ்சு, சூடான காப்பி, கையால் தைத்த சிறு பை, நூறு யென் நாணயம் என்று எதுவாகவும் இருக்கலாம். கொடுப்பவர் உங்களுக்கு மட்டும் கொடுப்பதாக எண்ணவில்லை. உங்கள் வழியாகக் கோபோ தைஷிக்குக் கொடுக்கிறார், தாம் நடக்க முடியாத பாதையில் தம் பங்கையும் உங்களோடு அனுப்புகிறார். மறுப்பது அவருடைய புண்ணியத்தை மறுப்பதாகும். இரு கையாலும் வாங்கி, உங்கள் பெயரெழுதிய சீட்டு ஒன்றைக் கொடுங்கள்; முதல் முறை நடப்பவர்களுடையது வெள்ளைச் சீட்டு.

வண்டியில் ஏற்றிச்செல்கிறேன் என்பவரிடம் மட்டும், நடந்தே முடிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி மறுக்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வழி தவறினாலோ, கைப்பேசியோ பணமோ தொலைந்தாலோ என்ன செய்வது?

பாதை நன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு அம்புகள், மரக்கிளைகளில் தொங்கும் பலகைகள், கையுருவம் செதுக்கிய பழைய கற்கள் என்று மூன்று தலைமுறைக் குறிகளும் கலந்து கிடக்கும். கற்களில் பல நகாத்சுகாசா மோஹெய் என்பவர் நிறுவியவை. 1922-இல் மறைந்த இவர் 280 முறை தீவைச் சுற்றி, இருநூறுக்கும் மேற்பட்ட வழிகாட்டிக் கற்களை நட்டவர். அரைமணி நேரமாக ஒரு குறியும் தென்படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புவதே நல்லது. தவறிய சாலையில் குறுக்கு வழி தேடினால் மலையில் இருட்டிவிடும். இணையமில்லாமலும் திறக்கும் வரைபடமும் மின்சேமிப்புப் பெட்டியும் அவசியம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைமுனைச் செருகி.

பொருள் தொலைந்தால் அருகிலுள்ள காவல் சாவடியில் சொல்லுங்கள். திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நான் ஓய்வுக் குடிலில் விட்டுவந்த கைத்தடியை, பின்னால் நடந்து வந்த ஒருவர் மறுநாள் கோயில் வாசலில் என்னிடம் சேர்த்தார்.

பெண் தனியாகப் போகலாமா? அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

தனியே நடக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஜப்பானியரும் வெளிநாட்டவரும். வழியில் நான் பேசிய பெண்கள் சொன்னவற்றைத் தருகிறேன்: இலவசக் குடில்களிலும் திறந்தவெளியிலும் இரவு தங்க வேண்டாம், விடுதிகளிலேயே தங்குங்கள், மறுநாள் எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை வழியில் அறிமுகமாகும் ஆண்களிடம் சொல்ல வேண்டாம், முன்சொன்ன வண்டி உபசாரத்தை எப்போதும் மறுத்துவிடுங்கள். தங்குமிடப் பட்டியலை அம்மாவிடம் கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருப்பதால், அங்கே இரவு எட்டு மணிக்குப் பேசினால் இங்கே மாலை நாலரை.

விடுதியில் எல்லோரும் சேர்ந்து ஆடையில்லாமல் குளிக்க வேண்டுமாமே?

ஆண், பெண் தனித்தனியே, ஆடையில்லாமல்தான். முதலில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. சிறு விடுதிகளில் ஒருவர் ஒருவராகக் குளிப்பதும் உண்டு. கூச்சம் இரண்டாம் நாளே போய்விடும், ஏனென்றால் வலிக்கும் கால்களுக்கு அதற்கு ஈடான மருந்து வேறில்லை. 51-ஆம் கோயிலான இஷிதேஜிக்கு அருகிலுள்ள தோகோ வெந்நீரூற்றில், 1894-இல் எழுப்பிய மரக் கட்டடத்தில் ஒரு மாலையைச் செலவிடுங்கள்.

இரண்டு மாதம் பேச்சுத்துணை இல்லாமல் எப்படி? தனிமை கொல்லாதா?

தனிமை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் வாரத்தில், முரோத்தோவை நோக்கிய நீண்ட கடற்கரையில், அது கனமாக இறங்கும். ஆனால் தனியாக நடப்பவரைத்தான் மக்கள் நிறுத்திப் பேசுகிறார்கள். இருவராகப் போகிறவர்களிடம் ஏற்கெனவே ஓர் உரையாடல் இருக்கிறது. அதற்குள் நுழைய யாரும் துணிவதில்லை. எனக்குக் கிடைத்த உபசாரங்களில் பெரும்பாலானவை நான் தனியாக இருந்ததால் கிடைத்தவை என்றே நம்புகிறேன். ஒரே வேகத்தில் நடக்கும் நாலைந்து பேர் மாலைகளில் ஒரே விடுதியில் சந்திப்பதும் வழக்கம். யாத்திரிகரின் தொப்பியில் எழுதியிருக்கும் வாசகத்தின் பொருள், இருவர் சேர்ந்து நடக்கிறார்கள் என்பது. இரண்டாமவர் கோபோ தைஷி. நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தத் தொப்பியோடுதான் நடக்கிறார்கள்.

அவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் சந்தோஷம்தான் என்ன?

பெரியதாக எதையும் சொல்ல முடியாது, சின்னவற்றைச் சொல்கிறேன். விடுதி வாசலில் உங்களைவிட முதலில் உங்கள் தடியின் நுனியைக் கழுவி உள்ளே எடுத்துவைப்பார்கள். சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள் தலைதாழ்த்தி வணக்கம் சொல்லிப் போவார்கள். 32-ஆம் கோயிலுக்கும் 33-ஆம் கோயிலுக்கும் நடுவே ஊராதோ விரிகுடாவைக் கடக்கும் சிறு படகில் நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை. மாகாண அரசு அதைச் சாலையின் ஒரு பகுதியாகவே நடத்துகிறது. அந்தச் சில நிமிடங்களில் கால் அசையாமல் தூரம் குறைவது எவ்வளவு பெரிய சுகம் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எஹிமேயில் ஆள் இல்லாத சாலையோரத் தட்டிகளில் ஆரஞ்சுப் பைகள் இருக்கும். நாணயத்தை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மழை நாளில் உலர்ந்த காலுறை. இவற்றுக்காகவா அவ்வளவு தூரம் என்றால், ஆம் என்றுதான் சொல்வேன். ஊரில் இவை எதுவும் என் கண்ணில் பட்டிருக்காது.

நடுவில் பஸ்ஸோ ரயிலோ ஏறினால் அது ஏமாற்று வேலையா?

இல்லை. ஜப்பானியர்களில் பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும்தான் இந்தச் சுற்றை முடிக்கிறார்கள். கோயில்கள் அவர்களையும் உங்களையும் ஒன்றாகவே நடத்துகின்றன. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் மலைப்பாதையை விட்டுப் பேருந்து ஏறுவது அறிவு. முழுவதும் நடந்தே தீர்வேன் என்ற வைராக்கியம் உங்களுக்கு நீங்களே தந்துகொண்ட வாக்கு. அதை எந்த இடத்தில் தளர்த்துவது என்று புறப்படும் முன்பே யோசித்துவைத்தால், கால் வீங்கிய நாளில் முடிவெடுப்பது எளிது. முழுக்க நடந்து வருகிறவர்களுக்கு, 87-க்கும் 88-க்கும் இடையே மாயேயாமாவிலுள்ள யாத்திரிகர் நிலையத்தில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள்.

பாதியில் வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தால்? அத்தனையும் வீணாகிவிடாதா?

வீணாகாது. சுற்றைத் துண்டு துண்டாக நடப்பது அங்கே வெகுகாலமாக ஏற்கப்பட்ட முறை. வேலைக்குப் போகும் ஜப்பானியர்கள் ஆண்டுக்கு ஒரு மாகாணமாகவும், வார விடுமுறைகளில் சில கோயில்களாகவும் நடந்து பல ஆண்டுகளில் முடிக்கிறார்கள். முத்திரைப் புத்தகத்துக்குக் காலக்கெடு இல்லை; விட்ட எண்ணிலிருந்து தொடரலாம்.

ஆகவே இப்படி ஒரு சூழல் வரக்கூடும் என்று தெரிந்தவர்கள், வயதான பெற்றோர் உள்ளவர்கள், முதலிலேயே பகுதியாகத் திட்டமிடலாம். தொகுஷிமாவின் 23 கோயில்களை மட்டும் பத்து நாட்களில் முடித்து, யாக்குஓஜி இருக்கும் ஹிவாசாவில் ரயிலேறினால் தொகுஷிமா நகரத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கான்சாய் விமான நிலையத்துக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். மேலே சொன்ன மின்விசா ஒருமுறை நுழைவுக்கானது என்பதால், மீண்டும் வரும்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது நாள்வாரித் திட்டத்தை 24-ஆம் கோயிலிலிருந்து எழுதித் தாருங்கள்.